வகுப்புத் தாள்

பிப்ரவரி 2, வியாழன்

காலை முழுக்கக் காலாவதியான மருந்துகளைப் பிரித்தெடுக்கும் வேலை. பதினொரு மணிவாக்கில் புதுப் போதகர் கடைக்கு வந்தார். தொண்டைக் கரகரப்புக்கு மாத்திரை கேட்டார். வாங்கிய பிறகும் போகவில்லை.

சபையாரை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை வகுப்பாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசவைக்கப் போகிறாராம். மெதடிஸ்டு சபையின் பழைய வழக்கம்தான். எங்கள் சபையில் அது நின்றுபோய் அறுபது வருஷம் இருக்கும். "வருஷத்துக்கு ஒருநாள் ஆண்டவரோட பண்ணின உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறோம்னு எழுந்து நின்னு வாசிச்சிட்டு வீட்டுக்குப் போயிடறோம். மாசாமாசம் வாழ வேண்டாமா, சிஸ்டர்?" என்றார். ஒரு வகுப்புக்கு நான் தலைவியாம்.

"மருந்து குடுக்கத் தெரியும் ஐயா, ஆத்துமாவை விசாரிக்கத் தெரியாதே" என்றேன்.

"டாக்டருங்க கையெழுத்தையே படிச்சிடறீங்க. ஆத்துமா அதைவிடவா மோசமா இருக்கும்?"

சிரித்துவிட்டேன். சிரித்தால் சம்மதம் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னதும், எனக்கு வந்ததைவிட அதிகச் சந்தோஷம் இவருக்கு. தான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து ஒரு புது அட்டைக்கோப்பு எடுத்து வந்து கொடுத்தார்.

பிப்ரவரி 4, சனி

மாலை நாலு மணி. போதகர் உடைமாற்றும் அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறை. பழைய பாட்டுப் புத்தகங்களின் புழுங்கல் வாடை. வட்டமாக எட்டு நாற்காலி. என் அண்ணியும் என் வகுப்பில்தான், நான்தான் கேட்டு வாங்கினேன். அண்ணன் இறந்த பிறகு அவங்க வீட்டை விட்டு வெளியே வருவதே சபையில் ஆர்கன் வாசிக்கத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி போதகர் கொடுத்த வகுப்புத் தாளிலேயே அச்சடித்திருந்தது. "உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது?" கேட்டேன். ஜெபம் முடியும் முன்பே ஆமென் சொல்லிவிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஊரே அவரை ஆமென் அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் பதற்றத்தில் "ஆமென்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கும்போது தையல்காரர் அழுதுகொண்டிருந்தார். கூடப்பிறந்த தம்பியோடு பேசி ஒன்பது வருஷமாம். தம்பி அதே சபையில் நாலு வரிசை பின்னால் உட்காருகிறவர்.

அண்ணி முறை வந்தபோது "நல்லா இருக்கேன்" என்றார்கள்.

ஒவ்வொருவரைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி எழுதிப் போதகரிடம் தர வேண்டும். ஜெபிப்பதற்காக. எழுதினேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

தையல்காரரும் தம்பியும் ஒரே பெஞ்சில். ஒரே பாட்டுப் புத்தகம். போதகர்தான் நடுவில் நடந்திருக்கிறார், நாலு தடவை அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும். நான் இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேனே.

மார்ச் 4, சனி

இன்று அண்ணி பேசினார்கள்.

"ரெண்டு வருஷமா என்னால ஜெபிக்க முடியல. விரல் பாட்டுக்கு வாசிக்குது. உள்ள கல்லு மாதிரி கெடக்கு. யாருக்காக வாசிக்கிறேன்னே தெரியல."

யாரும் புத்திமதி சொல்லவில்லை. தையல்காரர் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆமென் அண்ணன் ஆமென் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷமாக எனக்கு அண்ணி, இந்தக் குரலை இதுவரை கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி போதவில்லை. அவங்க சொன்னதை அப்படியே, சொல் மாறாமல், ஒரு பக்கம் எழுதினேன். அப்போதுதானே சரியாக ஜெபிக்க முடியும்?

மார்ச் 5, ஞாயிறு

திருவிருந்து முடிந்ததும் தாளைப் போதகரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். தன் அறையில் உள்ள பச்சை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்" என்றார். எல்லா வகுப்புத் தாளும் அங்கேதான், அட்டைக்கோப்பு அட்டைக்கோப்பாக. ஒரு நிமிஷம், எங்கள் கடையில் மருந்துச் சீட்டுகளைக் கோத்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்று நான் வீட்டில் இவரிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

மார்ச் 26, ஞாயிறு

போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: "கை வாசிக்கும். உள்ளே கல் கிடக்கும்."

தற்செயலா? கல் என்பது எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் ஆர்கன் முன்னால் இருக்கும் அண்ணியின் முதுகைப் படிக்க எனக்குத் தெரியும். அடுத்த பாட்டில் ஒரு சரணத்தை விட்டுவிட்டு முடித்துவிட்டார்கள். சபை வாயைத் திறந்தபடி நின்றது.

ஏப்ரல் 1, சனி

வகுப்புக்கு ஏழு பேர்தான். கணக்கு வாத்தியார் வரவில்லை. குடியை விட முடியவில்லை என்று போன மாதம் எங்கள் அறையில் சொன்னார். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பதிலிருந்து அவருக்கு "ஓய்வு" கொடுத்தாகிவிட்டதாம். வகுப்பில் இன்று எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

எழுத வரவில்லை.

அறிவிப்பு நேரத்தில் போதகர் எழுந்தார். "நம்முடைய ஆர்கன் சகோதரி இன்னைக்கிலிருந்து ஓய்வு எடுத்துக்கறாங்க. கணவர் போன பிறகு அவங்களால ஜெபிக்க முடியல. இழந்த விசுவாசம் திரும்பக் கிடைக்க எல்லாரும் எழுந்து நின்னு ஜெபிப்போம்." அவ்வளவு அன்பாகச் சொன்னார். அண்ணி மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றி நின்ற ஆட்களுக்கு நடுவே அவங்க தலை தெரியவில்லை. பதினெட்டு வருஷம் வாசித்தவங்க.

வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "நல்லதுக்குத்தானே சொன்னார்? நீ எழுதாம விட்டிருந்தா அவங்களுக்காக யார் ஜெபிச்சிருப்பா?" என்கிறார்.

நீ எழுதாம விட்டிருந்தா. ஆமா. நான்தானே. வேற யாரு? அந்த மனுஷன் வாயில இருந்தது என் எழுத்துதானே — பாவி, ஒரு பக்கத்துக்கு எழுதினியே, ஒரு பக்கத்துக்கு!

ஏப்ரல் 18, செவ்வாய்

மதியம் கடையிலிருந்து நேராகப் போதகரைப் பார்க்கப் போனேன்.

"எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்னு சொன்னீங்களே ஐயா."

"சபைங்கறது யாரு சிஸ்டர்? அவருடைய சரீரம்தானே?" கோபமே இல்லை. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "மறைச்சு வச்ச புண்ணுதான் சீழ் பிடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"புண்ணைக் கட்டறவங்க ஜன்னலைத் திறந்துவச்சுக் கட்டமாட்டாங்க."

"நான் யாரையும் தண்டிக்கல. ஓய்வுதான் குடுத்தேன்."

திரும்பும்போது கவனித்தேன். பச்சை அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை அலமாரி. புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

மே 6, சனி

அண்ணி வரவில்லை. அவங்க வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகத் தினமும் ஆள் போகிறதாம், "மீட்பு ஜெபம்" செய்ய. கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம். நேற்று போனவர்களில் தையல்காரரும் உண்டு. என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "போகச் சொன்னார்மா. போகலைன்னா கேப்பார்ல?"

நான் போனால் கதவு திறப்பதில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைகிறது.

மே 15, திங்கள்

அண்ணி கடைக்கு வந்தார்கள். தூக்க மாத்திரைச் சீட்டு, ஒரு மாதத்துக்கு. கொடுத்தேன். ரொம்ப இளைத்திருக்கிறார்கள். "சாப்பிடறீங்களா அண்ணி?" "ம்." அவ்வளவுதான்.

மே 23, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலை பத்தரை. அண்ணி மறுபடி வந்தார்கள். அதே மாத்திரை. வேறு டாக்டரின் சீட்டு. ஒரு மாதத்துக்குக் கொடுத்து எட்டு நாள்தான் ஆகியிருக்கிறது. அலமாரிப் பக்கம் திரும்பினேன், பெட்டி கண்ணெதிரே இருக்கிறது, என் கை அதைத் தொடவில்லை.

"இருப்பு இல்லை அண்ணி" என்றேன்.

"பரவாயில்லம்மா. வேற கடையில பாக்கறேன்." சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். முகத்தில் ஒரு அமைதி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

முதலாளியிடம் கவுண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டோடு பின்னாலேயே ஓடினேன். தபால் நிலையத் திருப்பத்தில் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கே போனாலும் கூட வருவேன்" என்றேன். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். அடுப்பு பற்றவைத்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். நான் சொல்லிவிட்டேன். "நான்தான் எழுதிக் குடுத்தேன் அண்ணி. நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன். அவர் படிச்சது என் தாளைத்தான்."

"தெரியும்டி. நான் பேசறப்பவே நீ மனசுக்குள்ள எழுதிக்கிட்டிருந்தே. உன் உதடு அசைஞ்சுது."

"என்னைத் திட்டுங்க."

"திட்ட எங்கே தெம்பு இருக்கு?" என்றவர்கள், பிறகு சொன்னார்கள்: "கல்லுன்னு சொன்னேன்ல. அன்னிக்கு அதைச் சொன்னப்புறம், வீட்டுக்கு நடக்கையிலே, லேசா விட்டுக் குடுத்த மாதிரி இருந்துது. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா. அதைத்தான் அவர் எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டிட்டார்."

எழுந்துபோய்த் துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பை மாத்திரை கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். நான் எண்ணவில்லை. எண்ண மாட்டேன். "எடுத்துட்டுப் போ. எடுத்துட்டுப் போயிடு. நாளைக்கு நான் வந்து கேட்டாலும் குடுக்காதே."

கஞ்சி வைத்தேன். அரை கிண்ணம் குடித்தார்கள். பக்கத்துத் தெரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன், வந்தார். அண்ணியின் அக்காவுக்கும் பேசிவிட்டேன். மூணு மணிக்குக் கதவு தட்டினார்கள். மீட்பு ஜெபத்துக்கு இரண்டு பேர். "இன்னைக்கு வேண்டாம். என்னைக்கும் வேண்டாம்" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே நின்றபடியே ஜெபித்துவிட்டுத்தான் போனார்கள்.

மே 27, சனி

அண்ணியின் அக்கா வந்து அவங்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பேருந்து ஜன்னல் வழியே அண்ணி என் கன்னத்தைத் தட்டினார்கள்.

ஜூன் 3, சனி

வகுப்பில் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு பாட்டுப் பாடிவிட்டு எல்லாரையும் அனுப்பிவிட்டேன். வெற்றுத் தாளைப் போதகரிடம் நீட்டினேன். பழைய தாள்களைத் திருப்பிக் கேட்டேன்.

"அது சபையோடது சிஸ்டர்." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கோங்க."

ஜூன் 4, ஞாயிறு

திருவிருந்தில் எனக்காகவும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இவரும் நின்றார்.

ஜூன் 14, புதன்

எங்கள் போதகருக்கு மேலே இருக்கும் கண்காணிப்பாளருக்கு நாலு பக்கக் கடிதம் எழுதிப் போட்டேன். நடந்தது அனைத்தும், ஒரு உயிர் போக இருந்தது வரைக்கும். அண்ணியின் பெயர் சொல்லாமல்.

ஜூலை 20, வியாழன்

பதில் வந்தது. என் கரிசனைக்கு நன்றியாம். எங்கள் சபையில் வருகை இரண்டு மடங்காகியிருப்பதை நான் கவனித்திருப்பேன் என்று நம்புகிறாராம். வகுப்புத் தாள் முறையை மற்றச் சபைகளுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம், ஐயாயிரம் தாள் அச்சுக்குப் போயிருக்கிறது.

என் கடிதத்தின் நகல் போதகருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

மதியம் அண்ணி போனில் பேசினார்கள். "நேத்து நல்லா தூங்கினேன்டி. மாத்திரை இல்லாம." பிறகு அக்காவின் குறட்டையைப் பற்றி ஐந்து நிமிஷம் புகார் சொன்னார்கள். கடையின் பின்னறையில் நின்று சத்தமில்லாமல் அழுதேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

என் வகுப்புக்குப் புதுத் தலைவரை அறிவித்தார்கள். இவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றேன்.

"ஐயாதான் உன்னைப் பாத்துக்கச் சொன்னார். வேற யாரோ பாக்கறதைவிட நான் பாக்கறது நல்லதில்லையா?" உண்மையாகத்தான் சொல்கிறார். இருபத்தோரு வருஷமாகத் தெரிந்த முகம், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன்.

நான் வகுப்பிலிருந்து விலகினால் இரண்டிரண்டு பேராக எங்கள் கூடத்துக்கு வருவார்கள். அதனால் போவேன்.

அக்டோபர் 9, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையில் வைத்து எழுதுகிறேன். இனி நோட்டு இங்கேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை இவருடைய முதல் வகுப்பு. எட்டு நாற்காலியும் நிறைந்திருந்தன. வாத்தியார்கூட வந்திருந்தார். தையல்காரர் "நல்லா இருக்கு" என்றார். வாத்தியார் "நல்லா இருக்கு." ஆமென் அண்ணன் "ரொம்ப நல்லா இருக்கு." வட்டம் சுற்றி என்னிடம் வந்தது. நானும் அதையே சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வெயில் இன்னும் சாயவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்தார். நூலக அட்டையில் எழுதுவதுபோலக் குட்டிக் குட்டி எழுத்து. ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி.

"உனக்கு என்ன எழுதட்டும்?" என்றார்.

"நல்லா இருக்குன்னு எழுதுங்க."

தலையாட்டினார். நான் பாத்திரம் கழுவப் போனேன். கடைசித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் பேனா ஓடிக்கொண்டிருந்தது. தாளைப் பின்பக்கம் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும், நிமிராமலே, இடது கையை வளைத்துத் தாளை மூடிக்கொண்டார்.