கழித்த தொகை

லிஸ்பன், 1755 நவம்பர் 23
கூடாரத்தில் மாலை ஜெபத்துக்கு இருந்தவர்கள்: நான், கணவர் தியோகோ, மேட்டுத்தெரு வைத்தியர் அன்செல்மோ. மூன்று பேர். போன மாதம் வரை மகள் கித்தேரியாவையும் சேர்த்து எழுதுவேன்.

வைத்தியர் வெளிதேசத்தில் படித்தவர். அவர் வீடு இடியவில்லை. “தனித்தனியாப் பாத்தாத்தான் கெடுதல், அம்மா. மொத்தமாப் பாத்தா ஆண்டவர் செஞ்ச உலகத்துல ஒரு குறையும் இல்ல” என்றார். பிறகு இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார்.

நவம்பர் 24
இம்மாதம் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, மாதா படத்துக்கு முன்னால் ஐந்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிள்ளைக்கு இருமல். தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பூசைக்குப் போனோம். பூமி ஆடியது. எங்கள் சுவர் விழவில்லை. மெழுகுவர்த்திகள் விழுந்தன.

ஏத்தினது யாரு? நான்தானே. அதுவும் அந்த மொத்தத்துல சேர்த்தியா, ஆண்டவரே?

நவம்பர் 27
நான்கு வரி எழுதினேன்.

மொத்தக் கணக்கு சரியாம், வைத்தியர் சொல்கிறார்;
என் பிள்ளை அதிலே கழித்த தொகையாம்.
ஆண்டவரே, அவர் வீட்டுக் கூரையையும்
ஒருநாள் கழித்துப் பார்க்கச் சொல்லும்.

தியோகோ வாசித்துவிட்டுச் சிரித்தார். தீக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 6
தியோகோ என்னைக் கேட்காமல் அதைப் படியெடுத்து, கயிற்றில் பாட்டுத்தாள் தொங்கவிட்டு விற்கும் பார்வையற்றவரிடம் கொடுத்திருக்கிறார். ஆற்றங்கரை முழுக்கப் பாடுகிறார்கள். “பேரு போடலடி, பயப்படாத” என்கிறார்.

டிசம்பர் 11
தியோகோவைத் திருச்சபை விசாரணைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். கடவுளைக் கேலி செய்தது யார் என்று கேட்டதற்கு, “நான்தான்”னு சொல்லிட்டாராம். இந்த மனுஷனுக்கு என்ன கிறுக்கு! எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர்தானே —

வைத்தியரிடம் ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “இதுவும் ஏதோ ஒரு நன்மைக்காகத்தான் இருக்கும், அம்மா” என்றார். கதவைச் சாத்தினார்.

டிசம்பர் 13
ஜெபம் வரவில்லை. முழங்காலில் மட்டும் இருந்தேன்.

டிசம்பர் 15
ஜெபத்துக்கு இருந்தவர்கள்: நான்.

விசாரணைக் குருவுக்குக் காலையில் கொடுத்த மனுவின் நகல்:

சுவாமி, அந்த நான்கு வரியும் என்னுடையவை. கேலி வைத்தியருக்கு; ஆண்டவரிடம் நான் செய்தது முறையீடு. என் கணவருக்குக் கழித்தல் வராது, வீட்டுக் கணக்கு முழுவதும் என் கையில். ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். அவரை விட்டுவிட்டு என்னை அழையுங்கள். மாற்றுத்துணி கட்டி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் தாருங்கள்.