உளிபடாத யவனக் காசு

திருவளர் சுறவத்துறை காக்கும் வேள் பூதனார் திருமுன்பு, கொன்றைநாடு ஆளும் கொற்றஞ்சேந்தனைப் பெற்ற தாய் செள்ளைமாதேவி வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் சேதமின்றிக் கரையேறுக. தங்கள் மனையில் பிள்ளைகள் நலமே வளர்க.

கடல் கடந்து திரும்பிய ஒருவன் தங்கள் துறையில் இறங்கி, தமையனாகிய மன்னனோடு பிணங்கிக் கலமேறிப்போன கொன்றைநாட்டு இளங்கோ அழிசி தானே என்று சொன்னதாகவும், சான்றாக அவன் காட்டிய யவனப் பொற்காசு எம் அரண்மனையதுதானா என்று ஆராய்ந்து சொல்லும்படி தாங்கள் அதை இங்கே அனுப்பியதாகவும் அறிந்தோம். அரச குலத்தான் என்று பொய்யுரைப்பவன் தலை போகும் என்பது தங்கள் நாட்டு முறை. மன்னன் எல்லைப் பாசறையில் இருக்க, யாம் மலைக்கோயிலில் நோன்பிருக்க, முத்திரை காத்த பண்டாரநாயகர் கண்ணங்கீரனார் அக்காசு எமதன்று என்று எழுதி, ஓலையையும் காசையும் திருப்பி அனுப்பிவிட்டார். யாம் வந்திறங்கியதும், ஒரு வஞ்சகனை மடக்கிவிட்டதாக முகமெல்லாம் மலரச் சொன்னார்.

அவரை நொந்து பயனில்லை. எம் பண்டாரத்துள் நுழையும் யவனக் காசு ஒவ்வொன்றிலும் அவ்வரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டுப் போடுவது எம் வழக்கம். அயலான் முகம் இங்கே ஆணை செலுத்தலாகாது என்பது முன்னோர் கருத்து. தாங்கள் அனுப்பிய காசில் வெட்டு இல்லை. அது ஒன்றே அவருக்குப் போதுமாயிற்று.

வெட்டு இல்லாமற் போனது எம்மால். அதன் முன்புறம் இலைமாலை சூடிய யவன அரசன் முகம். பின்புறம், கேடயமும் வேலும் இடையே இருக்க, பக்கம் பக்கமாக இரண்டு பிள்ளைகள். அவ்வரசனின் மக்கள் என்று கலத்தில் வந்த யவனன் சொன்னான். எமக்கும் அப்போது ஆண்மக்கள் இருவர், அழிசி கைக்குழந்தை. தந்தை முகத்தில் இறங்கும் உளி பின்னால் நிற்கும் பிள்ளைகளையும் அல்லவா நசுக்கும் என்று பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. உளிக்குப் போகுமுன் அதை வாங்கி, இரு பிள்ளைகளின் தலைக்கும் நடுவே, எவருக்கும் ஊறு வாராமல் விளிம்பில் துளையிடச் செய்து, அழிசியின் அரைஞாணில் கோத்துவிட்டோம். பண்டாரத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. அன்று அந்த வெட்டு விழுந்திருந்தால் இன்று என் மகன் தலைக்கு இந்த ஆபத்து வந்திராது. நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை, பூதனாரே. மலைக்கோயிலில் நான் நோற்றதும் அவன் திரும்பி வரவேண்டும் என்றுதான்.

தாங்கள் கையில் ஏந்திப் பார்த்த காசுதானே. துளை எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். யான் சொன்ன இடமாயின் அவன் அழிசியே. உயிரோடு இருந்தால் கட்டவிழ்த்து, அன்னை நோன்பு முடித்து வீடு வந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நானே வந்து சொல்வேன்.

முறை நடந்து முடிந்திருந்தால் தங்களை நோகேன். காசை அவன் அரைஞாணிலேயே கட்டிவிடுங்கள். இங்கே அனுப்பவேண்டா, அனுப்பினால் பண்டாரத்தில் அதற்கும் வெட்டுப் போட்டுவிடுவார்கள்.

முன்னோலை தாங்கிச் சென்ற அரச முத்திரையை இதற்கு இட மனம் வரவில்லை. என் கணையாழியைப் பதித்தேன். இது கொன்றைநாட்டு மாதேவியின் ஆணை. பெற்றவளின் வேண்டுகோளும் இதுவே. முன்னோலைக்கு இவ்வோலை முந்துக.