தடை வந்த பிறகும் போக்கர் ஆட அழைக்கும் என் குரலை நீக்கக் கோரி

அனுப்புநர்:
போக்கர் விளம்பர இணையதளம் நடத்தி வந்த முன்னாள் கணித ஆசிரியை
(பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை மூடிய உறையில் தனியே உள்ளன. காரணம் பத்தி 4-இல்.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
இணைய விளையாட்டு ஒழுங்குமுறை அலுவலகம்

பொருள்: பணம் வைத்து ஆடும் இணைய போக்கருக்குத் தடை வந்தபின், என் படத்தையும் குரலையும் கொண்டு பிறர் நடத்தும் போலிப் பக்கத்தை உடனே முடக்குதல், அப்பக்கம் என்னுடையது என்ற வாக்குமூலத்தில் திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்ற உத்தரவை நிறுத்தி வைத்தல் – தொடர்பாக.

மதிப்புமிகு ஆணையர் அம்மா அவர்களுக்கு,

1. நான் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவள். மகள் பிறந்தபின் பள்ளி வேலையை விட்டேன். தெருவில் இன்றும் என்னை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடி ஓர் இணையதளம் நடத்தினேன். போக்கர் ஆட்டத்தில் எந்தச் சீட்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று அதில் எழுதுவேன், பேசிப் பதிவும் செய்வேன். பக்கத்தின் அடியில் விளையாட்டு நிறுவனத்தின் லிங்க் இருக்கும். அதை அழுத்தி யாராவது சேர்ந்தால் எனக்குக் கமிஷன். இந்தத் தொழிலில் உள்ளவர்களை அஃபிலியேட் என்பார்கள். அப்போது இதற்குத் தடை இல்லை. நான் வரியும் கட்டினேன்.

2. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்று கேட்டால் இன்றும் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் வெளிச்சத்தம் பதிவில் விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் எனக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் ஒவ்வொரு பதிவையும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவேன்: “பயப்படாதீங்க, இது சூதாட்டம் இல்ல, கணக்கு.” இந்த வாக்கியத்தைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே யோசித்துச் சொன்னது.

3. புதிய சட்டம் வந்தது. விளம்பரங்களை நீக்க எங்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் தரப்பட்டது. கணவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். நான் ஒவ்வொரு பக்கமாக லிங்கை நீக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலில் டிக் அடித்தார். ஒன்பதாம் நாளே தளத்தை மூடிவிட்டு, தங்கள் அலுவலகத்தில் படிவம் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன் (இணைப்பு 1). படிவத்தை வாங்கிய எழுத்தர், இவ்வளவு சீக்கிரம் யாரும் வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். எனக்குச் சிறிது பெருமையாகக்கூட இருந்தது.

4. அதற்கு மறுநாள் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். நான்கு ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. நிறுவனம் வேறொரு நாட்டுக்கு மாறுகிறது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நான் வழக்கம்போல நடத்தலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றார். நான் மறுத்தேன். அவர் கோபப்படவில்லை. என் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதை அவராகவே சொன்னார். பிறகு, “நீங்க வந்தாலும் வராட்டாலும் உங்க குரல் எங்ககிட்ட இருக்கு, மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து மகளைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் நாங்கள்தான். என் பெயரை மனுவின் முகப்பில் எழுதாததும் அதனால்தான்.

5. மூன்றாம் வாரம் அந்தப் பக்கம் முளைத்தது. அதே நிறம், அதே படம், அதே குரல். முகவரியில் ஓர் எழுத்துதான் வேறு. அடியிலிருந்த லிங்க், வெளிநாட்டுக்கு மாறிய அந்த நிறுவனத்தின் போக்கர் ஆட்டத்துக்குப் போனது. தங்கள் அலுவலகத்தின் இணையப் புகார்ப் பிரிவில் மூன்று முறை புகார் பதிந்தேன் (இணைப்பு 2). மூன்று முறையும் ஒரே பதில்: பக்கத்தின் உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் நீக்குவார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் தடைச்சட்டப்படி என்மீது வழக்கு. பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை.

6. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. பள்ளிச் சீருடைகள் தைப்பார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கடையின் ஷட்டர் இரண்டு நாள் திறக்கவில்லை. வெளியே பெற்றோர்கள் கூடி ரசீதைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை தையற்காரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணவர் சீருடைத் துணியை எல்லாம் விற்றுப் போக்கரில் விட்டுவிட்டார், உள்ளே பூட்டிக்கொண்டு கிடக்கிறார், சாப்பாடு வைத்தாலும் கதவைத் திறப்பதில்லை என்றார். பிறகு, கணவர் வீட்டில் விட்டுப்போன கைப்பேசியை என் காதருகே கொண்டுவந்து, “அக்கா, இது உங்க குரல்தானே?” என்று கேட்டார்.

7. என் குரல்தான். அது போலிப் பக்கம், நான் நடத்துவதில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவுக்கு அதில் எந்த வித்தியாசமும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் கணவர் கருவிப்பெட்டியோடு கீழே போய் ஷட்டரின் பூட்டைக் கழற்றினார். தையற்காரர் உயிரோடு இருந்தார். வெட்டுமேசைக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

8. கடந்த செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் தங்கள் விசாரணை அதிகாரியும் இரு காவலர்களும் வந்தார்கள். கணினியையும் மகள் பாடம் படிக்கும் டேப்லெட்டையும் எடுத்துச் சீல் வைத்தார்கள். அதிகாரி மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒப்புகைச் சீட்டைக் காட்டினேன். அது பழைய தளத்துக்கு, இது புதியது என்றார். தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்றை நீட்டினார். அந்தப் பக்கத்தை நடத்துவது நான்தான் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அபராதத்தோடு முடியும், இல்லாவிட்டால் கைதாக நேரலாம் என்று சொல்லி, திங்கள் காலை பத்து மணிவரை நேரம் கொடுத்தார். போட்டுவிடலாம் என்றுதான் கணவர் சொன்னார். மகளை நினைத்து அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் நான் கையெழுத்திட்டால் வழக்கு முடிந்துவிடும். உண்மையில் நடத்துபவரை யாரும் தேடமாட்டார்கள்; இந்தப் பக்கத்தை நீக்கினாலும் என் குரல் வேறொரு முகவரியில் பேசிக்கொண்டே இருக்கும்.

9. நான் நடத்தவில்லை என்பதற்கு ஒரே ஆதாரம் தையற்காரரின் கைப்பேசி. அவரை ஆட அழைத்த குறுஞ்செய்தி, அது வந்த எண், நான் தளத்தை மூடியதற்குப் பிந்தைய தேதி, எல்லாம் அதில் இருக்கின்றன; அவர் மனைவி காட்டியபோது பார்த்தேன். அந்த எண் ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்த அதே எண். புதன்கிழமை கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் கடனுக்கு வாங்கிய துணியை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: “சட்டம் வந்தது எனக்கும் தெரியும். டீச்சர் இன்னும் சொல்றாங்களே, அப்போ தப்பா இருக்காதுன்னுதான் ஆடினேன். அதையும் மனுவுல எழுதுங்க. எழுதினா போனைத் தர்றேன்.”

10. எழுதிவிட்டேன். நேற்று மாலை இந்த மனுவை அவருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். பத்தி 2-இல் உள்ள வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு கைப்பேசியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அது இணைப்பு 3 ஆக இத்துடன் ஒப்படைக்கப்படுகிறது.

11. இது என் வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லியும் எழுதும் பத்தி. தடை வருவதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியாது. அன்று அது சட்டப்படி தவறில்லை. ஆனால் கையில் வரும் சீட்டுக்குத்தான் கணக்கு உண்டு, ஆட்டத்தை விட்டு எழுந்து வர முடியாத மனிதருக்குக் கணக்கு இல்லை என்பதை நான் எந்தப் பதிவிலும் சொல்லவில்லை. அதற்கான விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன்.

12. ஆகவே தாங்கள்,
(அ) போலிப் பக்கத்தை இன்றே முடக்கவும்;
(ஆ) தளத்தை மூடிய விளம்பரதாரர்களின் படம், குரல், எழுத்து அனைத்தையும் அழிக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிடவும் (சட்டம் எங்களை நீக்கச் சொன்னது, அவர்களிடம் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை);
(இ) கைப்பேசியைப் பரிசோதிக்கும்வரை வாக்குமூலம் கேட்பதை நிறுத்தி வைக்கவும்;
(ஈ) தானாக முன்வந்து ஆதாரம் தந்த தையற்காரர்மீது நடவடிக்கை எடுக்காதிருக்கவும்
வேண்டுகிறேன். நான்கில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். நேற்று மட்டும் அந்தப் பக்கத்தில் நாற்பத்தாறு பேர் புதிதாகச் சேர்ந்ததாக அதிலேயே போட்டிருக்கிறார்கள்.

திங்கள் காலை பத்து மணிக்கு வாக்குமூலத் தாளோடு தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன். அதில் கையெழுத்து இருக்காது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

பத்தி 9-இல் உள்ளது நான் சொன்னதுதான்.
(கையொப்பம்)
தையற்காரர்

நாள்: வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி
இடம்: ஆணையர் அலுவலக மனுப் பிரிவு, நேரில் அளிக்கப்பட்டது