மானம் ஏறிய கப்பல்

ஏப்ரல் 3

என்னங்க,

நான் நலம். நீங்களும் நலமாக, கோபமாக இருப்பீர்கள்.

மேசைமேல் வைத்த சீட்டில் 'கொஞ்ச நாள் ரயிலில் போகிறேன்' என்று எழுதியது பொய்யில்லை. அந்த ரயில் எல்லை தாண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரியில் பிரிவு உபசாரம் நடந்த அன்று, வராந்தாவில் நின்று உங்கள் அண்ணன் மகளிடம் போனில் பேசினீர்கள். "வீட்டுலயே நர்ஸ் இருக்கா, தனியா ஆள் எதுக்கு? அப்பாவ இங்க அனுப்பிடு." எனக்குப் போட்ட மாலை இன்னும் கழுத்தில்தான் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்கள் அண்ணன்மேல், என் மூத்தார்மேல், கோபமில்லை. பக்கவாதம் அவர் கேட்டு வாங்கியதல்ல. ஆனால் இத்தனை வருஷம் யார் மணி அடித்தாலும் எழுந்து ஓடியவள், இனி ரயில் மணிக்கு மட்டும் ஓடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

எல்லையில் அதிகாரி, கூட யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். முத்திரை குத்திவிட்டார். உலகம் இடிந்து விழவில்லை.

போனை அணைத்துவிட்டேன். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'உம்' கொட்டுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? அடுத்து தங்கும் விடுதியின் முகவரி பின்பக்கம். திட்டுவதானால் அங்கே எழுதுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 14

நர்ஸம்மாவுக்கு,

தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தேன். மறுநாள் உன் தங்கச்சியே வாசலில் வந்து நிற்கிறாள். மானம் கப்பலேறிவிட்டது.

அண்ணன் வந்துவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போய் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இது உனக்கே நியாயமா? அடுத்த ரயிலில் திரும்பு. இல்லையென்றால் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது.

இப்படிக்கு,
உன் கணவன்

ஏப்ரல் 27

என்னங்க,

மானம் கப்பலேறியது உண்மைதான். நானும் அதே கப்பலில்தான் வந்தேன். லாரிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றும் பெரிய கப்பல். நடுக்கடலில் அது ஆடிய ஆட்டத்தில் பாதிப்பேர் வாந்தி. நானும்தான். அலை அடங்காததால் வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். பாஷை தெரியாத ஊர். பயணிகள் கூடத்தில், பையைத் தலைக்கு வைத்துப் பெஞ்சில் படுத்தேன். பயந்தேனா? பயந்தேன். திரும்பிவிடலாம் என்று நினைத்தேனா? இல்லை.

மூத்தாரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, விரிப்போடு சேர்த்து உருட்டுங்கள். அதைவிட நல்ல யோசனை, ஆள் வையுங்கள்.

கதவைப் பற்றி: வீட்டில் பாதி என் பெயரில் இருக்கிறது. சாவியும் ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்த விடுதியின் முகவரி பின்பக்கம்.

உங்கள் மனைவி

மே 11

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

ஆள் வைத்தேன். விரிப்போடு உருட்டினால் சுலபமாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், எனக்காகப் பரிந்து பேசுவார் என்று. கோணிய வாயோடு சிரித்தார். "அவ போனது சரிதான்டா. அவளையும் கேக்கல, என்னையும் கேக்கல. நீயா பேசி முடிச்சிட்ட" என்றார். அவருக்கு மகள் வீட்டில் இருக்கத்தான் ஆசையாம். அவளும் அப்பா இங்கே வர விரும்புகிறார் என்று நினைத்திருக்கிறாள். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் வந்து அழைத்துப் போய்விட்டாள்.

இப்போது முன்னறை காலி. வீடே காலி. நடந்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன். உடனே வா.

உன் கணவன்

மே 24

என்னங்க,

மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் எப்போது மன்னிப்புக் கேட்டேன்? வேறு யாருக்கோ போகவேண்டியது என் முகவரிக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

மூத்தார் ஆசைப்பட்ட இடத்துக்குப் போனதில் சந்தோஷம். அவர் சொன்னதை நீங்கள் மறைக்காமல் எழுதியதிலும் சந்தோஷம். நம் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முதல் நல்ல வரி அது.

காலையில் படகேறி அக்கரை நாட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து மலைகளுக்குள் நுழைந்து போகும் ஒரு ரயில் இருக்கிறதாம். எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. அது தெரியாமலிருப்பதுதான் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

தனியாக இருப்பது கஷ்டமாக இருந்தால், பின்பக்கம் உள்ள புது முகவரிக்கு எழுதுங்கள். ஆனால் இனிமேல் 'வா' என்று எழுதாதீர்கள். 'நான் வரட்டுமா' என்று கேளுங்கள்.

கேட்டால், யோசித்துச் சொல்கிறேன்.

நான்