முதல் எழுத்து கோணலாக இருக்கும்

ஜனவரி 6, திங்கள்

வண்டியைக் கழுவினேன். ரெண்டு மாதமாக வேப்பமரத்தடியில் நின்று மேலெல்லாம் சருகும் காக்கை எச்சமும். ஸ்டார்ட் ஆகாது என்றுதான் நினைத்தேன். ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தது. ஆட்டோ சத்தம் வாசலில் கேட்டால் டீ வைக்கணும், இத்தனை வருசப் பழக்கம். யாருக்கு வைத்தேன்? வைத்ததை நானே குடித்தேன்.

சாயங்காலம் கொழுந்தனார் சிலுவைராஜ் வந்தார். "நீங்க எதுக்கு அண்ணி ரோட்டுல போயி நிக்கணும்? வண்டியை நான் ஓட்டுறேன். உங்களுக்கு வேண்டியதைப் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஓட்டக் கத்துக்கொடுத்தது உங்க அண்ணன். லைசென்ஸ் எடுக்க வச்சதும் அவர்தான். சும்மாவா தம்பி எடுக்க வச்சார்?" என்றேன்.

எழுந்தார். வாசலில் நின்று, வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அண்ணன் பேரைப் பார்த்தார். "அந்தப் பேரையாவது எடுத்துடலாம் அண்ணி. மரியசெல்வம், மரியசெல்வம்னு... போனவன் பேரு ஓடுற வண்டியில எதுக்கு?"

எடுக்க மாட்டேன்.

ஜனவரி 7

எடுக்க மாட்டேன் என்று நேற்று எழுதினேன். இன்றைக்கும் அதேதான்.

ஜனவரி 8, புதன்

ஸ்டாண்டுக்குப் போனேன். வரிசையில் கடைசியாக நிறுத்தினேன். சிலர் தலையாட்டினார்கள். எல்லாரும் எங்கள் வீட்டுக்காரர் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம். டிரைவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன் கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வண்டிக்கும் பேர், ஆளுக்கும் பேர். இளையபெருமாள் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முறை வைத்துக் கூப்பிடுவார். "வேளாங்கண்ணி முன்னாடி வா. தர்ஷினி, நீ அடுத்தது. நாகூர் ஆண்டவர் எங்கய்யா, டீ குடிக்கப் போயிட்டாரா?" இப்படி.

எல்லாரும் சாமி பேர், பிள்ளை பேர் எழுதுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தன் பேரையே ஒட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "பேர் சொல்ல நமக்குப் புள்ள இல்ல. இளையபெருமாளாவது தெனம் நாலு தடவ சொல்லட்டுமே" என்று சிரிப்பார்.

எனக்கு முன்னால் இருந்த வண்டி போனது. அடுத்தது நான். இளையபெருமாள் அண்ணன் எனக்குப் பின்னால் நின்ற வண்டியைக் கூப்பிட்டார். அப்புறம் அதற்கும் பின்னால் நின்றதை.

இறங்கிப் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வர்றதுல முக்காவாசிப் பேரு சனி பகவானைப் பாக்க வர்றவங்க தங்கச்சி. கெட்டது தொலையணும்னு வர்றாங்க. இறந்துபோனவன் பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு எப்படிச் சவாரி ஏத்துறது? ஆக்சிலியான்னு உன் பேரை ஒட்டிக்கிட்டு வா. மொத ஆளா கூப்பிடறேன். சத்தியமா."

அவர் சொல்வதில் அநியாயம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் முடியாது.

"அப்ப நான் வெளியில நின்னுக்கறேண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

ஸ்டாண்டுக்கு வெளியே, பழக்கடை ஓரம் நின்றேன். சேலத்துப் பக்கத்து ஆள், மனைவியோடு ஏறினார். திருநள்ளாறு. பாதி வழியில் அந்த அம்மா கேட்டது: "மரியசெல்வம் யாருங்க, உங்க பையனா?"

"எங்க வீட்டுக்காரரு. நவம்பர்ல இறந்துட்டாரு."

அந்த ஆள் வண்டியை நிறுத்தச் சொன்னார். "சனியைத் தொலைக்கலாம்னு வந்தா, அது முன்சீட்டுல உக்காந்து வண்டி ஓட்டுது" என்று மனைவியிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு.

"ஆமாங்க. அது நல்லாவும் ஓட்டும். இறங்குங்க" என்றேன். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். நஜீபா அங்கே நடைபாதை ஓரத்தில் இறால் வாடா, அதுதான் அரிசிமாவில் இறால் வைத்த வடை, சுட்டு விற்கிறவள். எங்கள் வீட்டுக்காரருக்கு அவள் வாடா இல்லாமல் பொழுது போகாது. நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஏன் புள்ள சொல்ற? பொட்டு இல்லியேன்னு பாத்தா, மாதா கோயிலுக்குப் போற வேதக்காரின்னு சொல்லு. அது யாருன்னு கேட்டா, அண்ணன்னு சொல்லு, மாமன்னு சொல்லு. மவுத்தானவரு வந்து சண்டையா போடப் போறாரு?"

அவர் செத்தது எனக்கு வெட்கமா? நான் என்ன திருடினேனா? எதுக்கு மறைக்கணும்?

நஜீபா ரெண்டு வாடா வைத்தாள். ஒன்று எப்போதும் போல அவருக்கு எடுத்துவைத்துவிட்டாள். பிறகுதான் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. ரெண்டையும் நானே தின்றேன். அழுதுகொண்டே தின்றால் காரம் தெரிவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், சிலுவைராஜ் கையில் பிளேடு. கண்ணாடியில் முதல் எழுத்தைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. "ரியசெல்வம்" என்று நிற்கிறது.

என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரு முழுக்க வந்துவிட்டது. "உங்க அண்ணனைப் பொதச்சாச்சுல்ல? இன்னும் எதைப் பொதைக்கணும்? என்னையும் சேத்துச் சுரண்டுங்க!"

பாவம், அந்த மனுசன் பிளேடைக் கீழே போட்டுவிட்டு அழுதார். "ரோட்டுல போறப்ப எதிர்ல அந்தப் பேரு வருது அண்ணி. அண்ணன்தான் வர்றாருன்னு கையைத் தூக்கிடறேன்."

அது எனக்குத் தெரியாதே.

தெரிந்தாலும் எடுக்க மாட்டேன்.

ஜனவரி 13

வெள்ளைப் பெயிண்டும் சின்ன பிரஷும் வாங்கி அந்த எழுத்தை நானே எழுதினேன். படித்தது அஞ்சாம் வகுப்பு, எழுத்து எப்படி இருக்கும்? மற்ற எழுத்தைவிடப் பெரிசாக, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. துடைத்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். வண்டி ஓட்டுகிறது யாரென்று அதுவே சொல்லும்.

ஜனவரி 15, புதன்

அவர் போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை.

கரூரிலிருந்து ஒரு பெண் குரல். "மரியசெல்வம் அண்ணன் நம்பருங்களா? பக்கத்து வீட்ல கொடுத்தாங்க. கடல், கோயில் எல்லாம் ஒரே நாள்ல சுத்திக் காட்டுவாராமா. சனிக்கிழமை வர்றோமுங்க."

"அவரு இல்லைங்க. இறந்துட்டாரு. வண்டி இருக்கு, நான் ஓட்டுறேன். வேணும்னா வாங்க, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிற சத்தம். அப்புறம், "வர்றோமுங்க" என்றது.

ஜனவரி 16, காணும் பொங்கல்

ஊரே கடற்கரையில். கலங்கரை விளக்கத்துக்கும் படகுத்துறைக்குமாக நாள் பூரா ஓட்டினேன். கடலுக்குப் போகிறவர்கள் கண்ணாடியில் யார் பேர் என்று பார்ப்பதில்லை.

ஜனவரி 18, சனி

நிறைய எழுதணும்.

கரூர்க்காரர்கள் வந்தார்கள். போன் பேசியது சொர்ணாம்பாள். என் வயசுதான் இருக்கும். அவள் கணவர் தெட்சிணாமூர்த்தி. சின்னப் பெண் விஷ்ணுப்ரியா, மணல் தோண்ட பிளாஸ்டிக் வாளியைக் கையிலேயே வைத்திருந்தது. கடல் பார்த்ததே இல்லையாம்.

நான் என்ன செய்தேன்? காலையிலேயே திருநள்ளாறு போய்விட்டால் கூட்டத்துக்கு முன்னால் முடியும், வெயில் தாழ ஊருக்குள் இருக்கிற அம்மையார் கோயில், கடைசியில் கடல் என்று போட்டேன். நமக்குக் காலைப் பூசை முடிந்தால் அப்புறம் நாள் நம்முடையதுதானே. அப்படித்தான் நினைத்தேன்.

குளித்து, எள் விளக்குப் போட்டு, கும்பிட்டு வெளியே வந்தார்கள். நான் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினேன். சொர்ணாம்பாள், "நிறுத்துங்க!" என்று ஒரே சத்தம். வரிசையில் நின்ற யாரோ ஒரு அம்மா சொல்லியிருக்கிறாள். திருநள்ளாறு கும்பிட்டுவிட்டு வேறு கோயிலுக்குப் போகக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது, நேராகச் சொந்த வீடுதான்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவர் எப்போதும் கடலைத்தான் முதலில் காட்டுவார். திருநள்ளாறு கடைசி, அங்கிருந்து நேராக பஸ். வெயிலுக்கு முன்னால் கடல் காட்டுகிறார் என்று இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேதக்கார மனுசன், வருகிறவர்கள் முறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லையே.

"பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க" என்றாள் சொர்ணாம்பாள். பிள்ளை வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"தப்பு என் மேலதாங்க. எனக்கு இந்த மொறை தெரியாது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கறேன். அம்மையார் கோயில் வேணாம். கடல் கோயிலா? இல்ல. யாரோட வீடா? அதுவும் இல்ல. அதைப் பாத்துட்டுப் போனா என்ன?"

"போற வழியில அது மறுபடி தொத்திக்கிச்சுன்னா?"

"தொத்துனா என்னைத் தொத்தட்டும். வண்டி என்னுது. என்கிட்ட வந்து எடுத்துட்டுப் போக இனிமே அதுக்கு என்ன இருக்கு?"

கண்ணாடியில் அவர் பேர் உள்ளேயிருந்து பார்க்கத் இடவலம் மாறித் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெட்சிணாமூர்த்திதான் பேசினார். "ஏம்புள்ள, அந்தம்மா இவ்வளவு சொல்றாங்கல்ல. சனீஸ்வரனுக்கே அந்தம்மாகிட்டப் போகப் பயமா இருக்கும். போலாம் வா."

சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசலாற்று ஓரமாகவே கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். கடல் தெரிந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, "இது எதுவரைக்கும்மா இருக்கு?" என்றது. படகில் ஏற்றிவிட்டேன். நஜீபா வாடா கொடுத்தாள். அப்பனும் மகளும் அலையில் நனைந்தார்கள். சொர்ணாம்பாள் வண்டியை விட்டு இறங்கவில்லை, முறை முறைதான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் சீட் காலி. முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டு.

பஸ் ஏறும்போது கேட்டாள். "அந்த மொத எழுத்து மட்டும் ஏங்க கோணலா இருக்கு?"

"அது நான் எழுதுனது."

தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

இனி கடல் முதலில். திருநள்ளாறு கடைசி. அவர் ஓட்டியது போல.

ஜனவரி 25, சனி

பழக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாண்டில் ஏதோ பேச்சு. எட்டிப் பார்த்தேன். கரூர்க்காரர்கள், ரெண்டு குடும்பம். இளையபெருமாள் அண்ணன் "வேளாங்கண்ணி, ஏத்திக்க" என்கிறார். அவர்கள் ஏறவில்லை.

"எங்களுக்கு மரியசெல்வம் வண்டிதானுங்க வேணும். சொர்ணாம்பாள் சொல்லி அனுப்புச்சு. மொத எழுத்து கோணலா இருக்குமாமா."

ஒரு வண்டியில் அத்தனை பேர் கொள்ளாது. நான் வேளாங்கண்ணிக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "பாதிப் பேர் உங்க வண்டியில வரட்டும்ணே, சேந்தே போவோம்" என்றேன். அவர் இளையபெருமாள் அண்ணனைப் பார்த்தார். இளையபெருமாள் அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

ரெண்டு வண்டியும் கடலுக்கு முதலில் போயின.

ஜனவரி 28

சிலுவைராஜ் எதிரில் பைக்கில் வந்தார். கையைத் தூக்கினார். தூக்கிய பிறகு கீழே போடவில்லை. நானும் தூக்கினேன்.

பிப்ரவரி 1, சனி

இளையபெருமாள் அண்ணன் காலையில் பழக்கடைக்கே நடந்து வந்தார். பழம் வாங்க வந்தது போல ஒரு கொய்யாவை உருட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க நின்னா போலீஸ்காரன் ஏசுவான். உள்ள வந்து நில்லு" என்றார்.

"பேரை எடுக்க மாட்டேண்ணே."

"எடுன்னு எவன் சொன்னான்?"

வரிசையில் கடைசியாகப் போய் நிறுத்தினேன். முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாகப் போயின. என் முறை வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் பையோடு நிற்கிறார்கள். இளையபெருமாள் அண்ணன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கனைத்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் அந்தப் பேரைக் கூப்பிடாதது பயணிகளுக்காக மட்டும் இல்லை.

"மரியசெல்வம்" என்றார். கரகரவென்று வந்தது. பிறகு பழைய மாதிரி, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி: "மரியசெல்வம்! முன்னாடி வா!"

கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. சாவைப் பதியப் போன இடத்தில் கேட்டபோதுகூட ஆதார் கார்டைத்தான் நீட்டினேன்.

"மரியசெல்வம் வந்தாச்சுண்ணே" என்றேன். வண்டியை எடுத்தேன்.