சகலைக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே எண்

மார்ச் 4, செவ்வாய்

முதலாளியம்மா தம் அறைக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கு வந்தவள், அதுவும் தற்காலிகமாக. வேறு எப்படித் தோன்றும்?

விஷயம் அதுவல்ல. எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு ஒரு முழுநீளப் படம் வரப்போகிறதாம். வெளியாவதற்கு முன்பே யாராவது திருடிவிடுவார்களோ என்று தயாரிப்பாளர்களுக்குப் பயம். அதனால் இங்கே இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவர்கள் சொல்கிற பாதுகாப்பு மென்பொருளைப் போட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஆள் வந்து சோதிப்பார்.

"படம் வந்தா உங்க வேலை நிரந்தரம். வரலைன்னா எனக்கே வேலை இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே, "ஒரே இடத்துல உக்காந்து எல்லாத்துக்கும் அனுப்பிட முடியாதா?" என்று கேட்டார். பெரிய ஆபீசில் முடியும். எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ராஜ்ஜியம். ஒவ்வொன்றின் முன்னாலும் நானே போய் உட்கார்ந்தாக வேண்டும்.

"அப்ப என் தொழில்தான் உனக்கும். ஆளாளுக்குத் தனியா அளவெடுக்கணும்" என்றார். பெருமை வேறு.

மார்ச் 5, புதன்

கணக்குப் பிரிவு. எல்லாம் விண்டோஸ். சுலபம் என்று நினைத்தேன். பழைய வைரஸ் தடுப்பு ஒன்று உள்ளே இருந்ததைக் கவனிக்காமல் புதியதையும் போட்டுவிட்டேன். ஒரே உறையில் இரண்டு கத்தி. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது.

"நல்லா ஓடிட்டிருந்ததும்மா" என்றார் கணக்கர். துக்கம் விசாரிக்கும் குரல்.

பழையதை நீக்கி, அணைத்துப் போட்டு, புதியதை மறுபடி நிறுவினேன். மாலையில் அவரே வந்து, "முன்னைக்கு இப்ப வேகமா இருக்கே" என்றார். பழைய சனியன் போனதால் வந்த வேகம் அது. நான் ஏன் அதைச் சொல்ல வேண்டும்? பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஓவியர்கள் மாடி. எல்லோரிடமும் மேக். பின்னணிக் காட்சிகள் வரைகிற பெண்மணியை எல்லோரும் 'வர்ணம் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "மேக்குக்கெல்லாம் வைரஸ் வராது" என்று சொல்லித் திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஏதோ நான் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓட வந்தவள் மாதிரி.

கெஞ்சி உட்கார்ந்தேன். மேக்கில் நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளுக்குள் போய், இந்த மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரரின் கடவுச்சொல் அதற்கு வேண்டும். அக்கா என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் 'அனுமதிக்காதே' என்பதை அழுத்தினார். மறுபடி திரும்பி உட்கார்ந்தேன். மறுபடி அதையே அழுத்தினார்.

"எதைக் கேட்டாலும் முதல்ல வேண்டாம்னு சொல்லிப் பழகிடுச்சு. வீட்லயும் அப்படித்தான்" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு இந்த மாடி பிடித்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

முனிவரைப் பார்த்தேன். வரைந்த காட்சிகளைப் படமாகக் கோத்துத் தருகிற லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இவர் பொறுப்பு. அந்தக் குளிர் அறையை விட்டு வெளியே வர மாட்டார், கோடையிலும் கம்பளிச் சட்டை, பேச்சு கிடையாது. அதனால் முனிவர்.

அடுக்கடுக்காக இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்: பெரியம்மா, சித்தப்பா, சகலை, ஓரகத்தி, சம்பந்தி. ஏன் என்று கேட்டேன். "சொந்தக்காரங்க பேரு. அப்பத்தான் பழுதானா திட்டுறதுக்கு வசதி" என்றார். அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். தடுத்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரியம்மாவுல போடுங்க. அதை அப்படியே மத்ததுக்கு நகல் எடுத்துடறேன். நான் எப்பவும் அப்படித்தான் பண்றது."

கரும்பு தின்னக் கூலியா? பெரியம்மாவில் நிறுவினேன், ஓடவிட்டுப் பார்த்தேன், அவரிடம் விட்டுவிட்டு மாலையே முதலாளியம்மாவிடம் போய், "எல்லாம் முடிஞ்சுது மேடம்" என்றேன். அவர் உடனே தயாரிப்பாளர்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார்.

என்ன ஒரு நாள். நான் கெட்டிக்காரிதான்.

மார்ச் 10, திங்கள்

ஐயோ.

எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்தில் காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். கணக்குப் பிரிவு இருக்கிறது. மேக்குகள் இருக்கின்றன. முனிவர் அறையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. பெயர் பெரியம்மா. கண்ணை மூடித் திறந்தால் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் சம்பந்தி. ஒரே வரி, பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பேயடித்த மாதிரி ஆகிவிட்டது. முடிஞ்சுதுன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேனே. ஃபோன் வேற போட்டுட்டாங்க. என்ன பண்றது இப்ப? ஓடிடலாமா?

ஓடவில்லை. முதலாளியம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெள்ளிக்குள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்று அவர் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

காரணம் கிடைத்தது. மென்பொருள் முதன்முதலில் ஓடும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஓர் அடையாள எண்ணை உண்டாக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. நான் பெரியம்மாவில் ஓடவிட்டேன். முனிவர் நகல் எடுத்தபோது அந்த எண்ணும் சேர்ந்து எல்லாவற்றுக்கும் போய்விட்டது. ஒரே அடையாள அட்டையைக் குடும்பமே கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது.

"நீங்கதானே நகல் எடுத்தீங்க" என்றேன். "நீங்கதானே ஓட விட்டீங்க" என்றார். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. முனிவர் சிரித்ததை ஆபீசில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 12, புதன்

ஒவ்வொன்றாகப் போனோம். மென்பொருளை நிறுத்து, எண்ணை அழி, மறுபடி ஓடவிடு, திரையில் தனிப் பெயராக வருகிறதா பார். சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்கு ஃபோனில் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள், வாசலுக்கே போய்த்தான் கூப்பிட வேண்டும். முனிவர் விசைப்பலகையில், நான் திரையில். "ஓரகத்தி வந்தாச்சா?" "வந்தாச்சு." "சித்தப்பா?" "முரண்டு பிடிக்கிறார்." "அவர் எப்பவுமே அப்படித்தான்."

குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. அவர் தம் இன்னொரு கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். பத்து வருடத்தில் இப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்ததில்லை. வேலை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பதையே மறந்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

எல்லோரும் தனித்தனியாக வந்துவிட்டார்கள். முடிந்தது என்று இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சோதனைக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட முகம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஆபத்தில்லாத, ஆனால் எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் ஆபத்து என்று பிடித்துவிடுகிற ஒரு சோதனைக் கோப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எந்தக் கம்ப்யூட்டரில் அதைப் போடுகிறாரோ, அதன் பெயரோடு என் திரையில் எச்சரிக்கை வர வேண்டும்.

வர்ணம் அக்காவின் மேக்கில் போட்டார். வந்தது. அக்கா எனக்குக் கண்ணடித்தார். பிறகு குளிர் அறைக்குள் போய், யோசித்து, நடு அடுக்கில் ஒன்றைத் தொட்டார். நான் வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். முதலாளியம்மா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் வந்தது: 'சகலை. ஆபத்தான கோப்பு. தடுக்கப்பட்டது.'

சோதனைக்காரர் வெளியே வந்து திரையைப் பார்த்தார். "இது யாரு சகலை?" என்றார். முனிவர் விளக்கினார். அந்த மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "என் சகலையையும் இப்படித் தடுக்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முடிவைத் தயாரிப்பாளர்கள் சொல்வார்களாம்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை. ஃபோன் அடித்தால் மாடியே எட்டிப் பார்க்கிறது.

மார்ச் 24, திங்கள்

காலையில் படியேறும்போதே குளிர் அறையிலிருந்து இரைச்சல். உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிகிறது, அத்தனை மின்விசிறியும் ஒன்றாகச் சுழல்கிறது. முனிவர் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்வையோடு நின்றார். "படம் வந்தாச்சு. முதல் காட்சி ஓடிட்டிருக்கு" என்றார்.

முதலாளியம்மா வேலை நியமனக் காகிதத்தை நீட்டினார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார்.

கணவருக்கு ஃபோனில் சொல்லவில்லை. நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது ஒருவருக்குச் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

"எங்க வீட்டம்மாவுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுங்க" என்றார் அந்த மனிதரிடம்.

வந்தவர், ரொம்ப சந்தோஷம் என்றார். இவர் தலையாட்டிவிட்டு நாடாவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எடுத்த அளவெல்லாம் மறந்துபோயிருந்தது. தோளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.