யோகராஜாவின் கோழிகளும் பொலிஸ் கொம்பியூட்டரும்

ஆர்ச்வே, லண்டன்
12.3.1996

அன்பின் சிவனேஸ்வரிக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் பத்திரிகைக்கு எழுத எனக்குப் பெரிய செய்தியொன்று கிடைத்திருக்கிறது! கீழ்வீட்டு யோகராஜா பின்வளவில் கோழி வளர்க்கிறார். விலங்குகளைப் பாதுகாக்கும் தொண்டு நிறுவனமொன்றின் அதிகாரி வந்து, "கோழிகளைச் சரியாக வைத்திருக்கவில்லை. நீர் அடிதடிக்குத் தண்டனை பெற்றவர்தானே? வழக்குப் போடுவோம்" என்றாராம். அதைக் கேட்ட மனைவி செல்வமலர் யோகராஜாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமல் எப்ப மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினனீங்கள்?"

"கோழி உரிக்கவே கை நடுங்குது. நான் ஆரையப்பா அடிச்சனான்?"

விசாரித்தேன். யோகராஜா தகப்பன் பெயரான சிவானந்தனை முன்னால் எழுதுபவர். பொலிஸ் பதிவில் தேடியவர்கள் அதையே அவர் பெயரென்று எடுத்ததில், வேறொரு சிவானந்தனின் குற்றம் இவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் பொலிஸ் கொம்பியூட்டரில் உள்ளது தனியார் நிறுவனத்துக்கு எப்படித் தெரிந்தது? கேட்டால் கொடுப்பது வழக்கம் என்று பொலிஸ் பேச்சாளரே இன்று ஒப்புக்கொண்டார்! பிழை தெரிந்ததும் நிறுவனம் வழக்குப் பேச்சைக் கைவிட்டுவிட்டது. நாளை முதற்பக்கத்தில் என் கட்டுரை!

மிளகாய்த்தூள் அனுப்பும்போது ஒரு கசெட்டில் ஏதாவது பேசி வையும். சந்தை விலை என்றாலும் போதும்.

ஆசிரியர் கூப்பிடுகிறார். "என்ர பேரைச் சரியாப் போடுங்கோ அண்ணை" என்று யோகராஜா இரண்டு தரம் சொல்லிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்க்க ஓடுகிறேன்.

உமது,
இராஜேந்திரன்